டெசராக்டைச் சோர்ஸிலிருந்து பில்ட் செய்வது எப்படி?

பென்னாகரத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு வேலை போக, கூத்து வாத்தியார்கள் கொண்டுவரும் பழைய அச்சுப் புத்தகங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன். தொட்டால் உதிர்கிற தாள். தருமபுரி பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இன்றும் பாடுகிற பாட்டு அதில் இருக்கிறது, அது அழியக்கூடாது. பக்கத்தை ஸ்கேன் செய்து டெசராக்ட் என்ற ஓசிஆர் (படத்திலிருக்கும் எழுத்தைப் படித்து டைப் செய்த எழுத்தாக்கும்) மென்பொருளிடம் கொடுத்து, அது தரும் எழுத்தைத் திருத்துவதுதான் என் முறை. எச்பி நிறுவனத்தில் 1985-இல் தொடங்கிய மென்பொருள் அது. 2005-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது.

உபுண்டு லினக்ஸில் மென்பொருள் போடும் கட்டளையான ஏபிடி-யில் ஒரே வரியில் இன்ஸ்டால் ஆகுமே என்பீர்கள். ஆகும். ஆனால் கடையில் ஓடும் உபுண்டு 22.04-க்கு ஏபிடி தருவது 4.1.1. ஐந்தாம் பதிப்போ 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. புதியது வேண்டுமென்றால் நாமே பில்ட் செய்துகொள்ளலாம், அதாவது சோர்ஸை (மூல நிரலை) எடுத்து ஓடுகிற மென்பொருளாக மாற்றிக்கொள்ளலாம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில் சாமான்கள். சூடோ ஏபிடி இன்ஸ்டால் கொடுத்து கிட், பில்ட்-எசென்ஷியல், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், லிப்லெப்டோனிகா-டெவ் எல்லாவற்றையும் போடுங்கள். படத்தைத் திறந்து படிக்கும் வேலை லெப்டோனிகாவுடையது. பெயருக்குப் பின்னால் 'டெவ்' இருப்பது முக்கியம். அது இல்லாத பேக்கேஜில் பில்டுக்குத் தேவையான ஹெடர் ஃபைல்கள் இருக்காது.

அடுத்து குளோன், அதாவது சோர்ஸை நம் மெஷினுக்கு இறக்குவது. கிட்ஹப்பில் டெசராக்ட்-ஓசிஆர் என்ற கணக்கின் கீழ் சோர்ஸ் இருக்கிறது. 'கிட் குளோன் --டெப்த் 1 --பிராஞ்ச் 5.5.0' என்று அடித்து, பக்கத்தில் அந்தச் சோர்ஸின் முகவரியைக் கொடுங்கள். மெயின் பிராஞ்சில் தினமும் யாராவது கை வைப்பார்கள். காசு வாங்கிச் செய்கிற வேலைக்கு 5.5.0 மாதிரி டேக் (பதிப்பு எண்) போட்ட வெளியீடுதான் சரி. டெப்த் 1 கொடுத்தால் பழைய வரலாறு முழுவதும் இறங்காது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய உதவி.

ஃபோல்டருக்குள் போய் ஆட்டோஜென்.எஸ்எச் ஓட்டுங்கள், பிறகு தேவையான சாமான் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும் கான்ஃபிகர். திரையில் என்ன ஓடுகிறது என்று நிதானமாகப் படியுங்கள். ஐசியு (ஒரு யூனிகோட் லைப்ரரி) கிடைக்கவில்லை, டிரெய்னிங் டூல்ஸ் பில்ட் ஆகாது என்று வார்னிங் வரும். புதிதாகப் பயிற்சி கொடுக்கப் போவதில்லை என்றால் அதை விட்டுவிடலாம். 'எரர்: லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேல் தேவை' என்று வந்து நின்றால் அதை விடமுடியாது. எந்த டெவ் பேக்கேஜைப் போட வேண்டும் என்று அதே வரியில் சொல்லியிருக்கும்.

இனி மேக், பில்டைச் செய்கிற கட்டளை இதுதான். நாலு ஜிபி ராம் உள்ள மெஷினில் மேக் -ஜே2 (ஒரே நேரத்தில் இரண்டு வேலை) போதும். அதற்கு மேல் ஏற்றினால் மெஷின் திணறும். பாதியில் எரர் வந்தால் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு கூகுளில் தேடாதீர்கள். கடைசி வரி 'மேக் தோற்றது' என்று மட்டும்தான் சொல்லும். காரணம் முதல் எரரில் இருக்கிறது. இரண்டு வேலை ஒன்றாக ஓடும்போது செய்திகள் கலந்து வரும் என்பதால், -ஜே இல்லாமல் வெறும் மேக் ஒருமுறை கொடுங்கள்; எந்த ஃபைல், எந்த வரி என்று தனியாகத் தெரியும்.

நடுவில் கரண்ட் போனால் கவலை வேண்டாம். திரும்ப மேக் கொடுத்தால் முடிந்த ஃபைல்களைத் தொடாமல் மிச்சத்தை மட்டும் செய்யும். அணைந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த .ஓ ஃபைல் மட்டும் சில நேரம் காலியாகக் கிடக்கும். அதையும் அதே பெயருள்ள .எல்ஓ ஃபைலையும் அழித்துவிட்டு மறுபடி மேக் கொடுங்கள்.

சூடோ மேக் இன்ஸ்டால் முடிந்ததும் சூடோ எல்டிகான்ஃபிக். இதை விட்டால் 'லிப்டெசராக்ட்.எஸ்ஓ.5-ஐத் திறக்க முடியவில்லை' என்று நிற்கும். லைப்ரரி அங்கேதான் இருக்கும், சிஸ்டத்துக்கு இடம் தெரியாது, அவ்வளவுதான். சோர்ஸ் ஃபோல்டரை அழிக்காதீர்கள். பின்னால் நீக்க வேண்டுமானால் அதற்குள்ளிருந்துதான் மேக் அன்இன்ஸ்டால் கொடுக்க முடியும்.

தமிழ் தனியாக வர வேண்டும். கிட்ஹப்பில் அதே கணக்கின் கீழுள்ள டெஸ்டேட்டா_பெஸ்ட் ரிப்போவிலிருந்து டாம்.டிரெய்ண்ட்டேட்டா என்ற ஒரு ஃபைலை மட்டும் இறக்கி, யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டெஸ்டேட்டா ஃபோல்டரில் வையுங்கள். டெஸ்டேட்டா_ஃபாஸ்ட் வேகமானது, ஆனால் மங்கிய அச்சுக்கு நான் பெஸ்டைத்தான் நம்புகிறேன். ஸ்கேன் 300 டிபிஐ இருக்கட்டும். கட்டளையில் -எல் டாம் கொடுங்கள். பக்கம் முழுக்க ஒரே பத்தியாக இருந்தால் --பிஎஸ்எம் 6 சேர்த்துப் பாருங்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகமானால், துதிக்கை போட்ட லை, னை, பழைய ணா, றா வரும் சொற்களை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.