குளிர்காலத்தில் ஹீட்டர் நின்றுபோனால் செய்யக்கூடாதவை

தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவிலும் லாடியத்திலும் ஆடி பிறக்கும் சமயத்தில் நல்ல குளிர் இருக்கும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜூலை இரவுகளில் 4 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். சில விடியல்களில் புல் உறைந்து வெளுத்திருக்கும். ஹீட்டர் நின்றுபோன இரவில் அந்தக் குளிரைவிடப் பெரிய ஆபத்து, அவசரத்தில் வீட்டுக்குள் கொண்டுவரும் நெருப்பு.

ஓட்டை போட்ட தகர டின்னில் கரி மூட்டும் இம்பாவுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் மூட்டி, புகை அடங்கிக் கரி செக்கச்செவேலென்று கனிந்ததும், "இனிப் பயமில்லை" என்று உள்ளே தூக்கி வருவார்கள். கனிந்த கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறுகிறுப்பு. சளிக்காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்துப் போர்த்திப் படுத்தால் எழுந்திருக்க முடியாமல் போகலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் சந்தேகமே வேண்டாம். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, செல்பேசியில் 112-ஐயோ ஆம்புலன்ஸுக்கு 10177-ஐயோ அழையுங்கள். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பது கரிக்குப் போதாது. இறைச்சி சுடும் பிராய் அடுப்புக்கும் இதே கதிதான். கூரையில் மாட்டியிருக்கும் புகை அலாரம் இந்த வாயுவைக் கண்டுகொள்ளாது. அதற்குத் தனி அலாரம் வேண்டும்.

கேஸ் ஹீட்டருக்கும் காற்று வேண்டும், எனவே அது எரியும்போது கதவடியில் துணி அடைக்காதீர்கள். பைலட் சுடர் அடிக்கடி அணைந்தால் பலர் பட்டனை அழுத்திப் பிடித்து மறுபடி மறுபடி பற்றவைப்பார்கள். பல ஹீட்டர்களில் அறையில் ஆக்சிஜன் குறைந்தால் சுடரை அணைக்கும் சென்சர் உண்டு. அணைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஜன்னலைத் திறந்து அறையை விட்டு வெளியேறுங்கள். தூங்கப் போகுமுன் சிலிண்டர் வால்வையே மூடிவிடுங்கள். மூன்று பேனலும் எரிந்தால் மணிக்குச் சுமார் 300 கிராம் கேஸ் செலவாகும், 9 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய 30 மணி நேரம் வரும். நள்ளிரவில் தீர்ந்து, இருட்டில் சிலிண்டர் மாற்ற நேராதபடி கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது நடக்கும் தவறு மரையில்தான். 9 கிலோ சிலிண்டரின் ரெகுலேட்டர் மரை இடப்பக்கம் சுழற்றினால்தான் இறுகும். வழக்கம்போல் வலப்பக்கம் முறுக்கினால் மரை கெடும். முனையிலுள்ள ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியபின் இணைப்பில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். வாசனை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து வெளியேறுங்கள்.

பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டரை ஆறவிட்ட பிறகே, வெளியில் வைத்து நிரப்ப வேண்டும். பாரஃபினைக் கூல்ட்ரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்கினால் இன்னும் மோசம்.

மின்சார ஹீட்டர் போட்டதும், மின்கசிவைக் கண்டு கரண்டைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் விசை விழுந்தால், அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி வைத்த காவல் அது. எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு, விசையைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கோடை முழுக்க ஸ்டோரில் கிடந்த ஹீட்டரின் எலிமென்ட்டில் ஈரம் ஏறியிருப்பது சகஜமான காரணம். எல்லாம் கழற்றிய பிறகும் விழுந்தால் எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும். எண்ணெய் ஹீட்டரைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகு போடுங்கள்.

2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் மல்டிபிளக்கில் அதோடு கெட்டிலையும் சேர்த்தால் பிளக் உருகும். சுவர் பிளக்கிலேயே நேராகச் செருகுங்கள். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயர் உள்ளுக்குள்ளேயே சூடேறும். இன்வெர்ட்டரிலும் ஹீட்டர் ஓட்டுவது வீண்: 5 கிலோவாட்-மணி பாட்டரி இரண்டரை மணி நேரத்துக்குள் காலியாகும். அதே பாட்டரியில் 100 வாட் மின்கம்பளி இரவு முழுதும் ஓடும்.

சுடுநீர்ப் பையில் கொதிநீர் ஊற்றாதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன பெரியவர்களுக்குச் சூடு தெரியாது, காலையில் கொப்புளம்தான் தெரியும்.

பகலில் எல்லோரும் வடக்கு பார்த்த அறைக்கு மாறுங்கள். இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வரும். திரையை விலக்கி வெயிலை விட்டு, சூரியன் சாயும் முன் மூடிவிடுங்கள்.

கரண்ட் போன நேரத்தில் ஹீட்டர் சுவிட்சை அணைக்க மறப்பதுதான் கடைசித் தவறு. எல்லோரும் தூங்கும்போது கரண்ட் திரும்பினால், முன்னால் காயப்போட்ட துணியோடு அது தானே எரியத் தொடங்கும். கரண்ட் போனவுடன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கீசர் விசையையும் இறக்கிவையுங்கள்: 3 கிலோவாட் கீசர்கள் தெரு முழுக்க ஒரே நொடியில் எழுந்தால் டிரான்ஸ்பார்மர் தாங்காமல் மறுபடியும் இருட்டாகும்.