சாவியைக் கொடுத்துவிட்டுக் கூடவே நிற்கும் முதலாளிகள்

காலை எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் முதலாளி: "லாரி கிளம்பியாச்சா? போட்டோ போடு." எட்டே காலுக்கு: "எந்த ரோட்டுல இருக்க?" ஓட்டுநருக்கோ பத்து வருட அனுபவம். இறக்கும் இடமெல்லாம் ஓரங்கட்டி, படமெடுத்து, பதில் போட ஐந்து நிமிடம். எட்டு இடம் என்றால் நாற்பது நிமிடம். மாலையில் "ஏன் லேட்?" என்ற கேள்வியும் அவருக்குத்தான்.

இதை அக்கறை என்று நினைப்பதுதான் முதல் தவறு. கீழே இருப்பவர்களே செய்யக்கூடியதை மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வது அநீதி, பெருந்தீமை என்று 1931-இல் திருத்தந்தை (போப்) பதினோராம் பயஸ் திருச்சபைக்கு எழுதிய சுற்றுமடலில் சொன்னார். அவர் பேசியது சமூக அமைப்பைப் பற்றி. வணிகத் தலைவர்களுக்காக வத்திக்கான் 2012-இல் வெளியிட்ட ஆவணம் அதை நிறுவனத்துக்குள் கொண்டுவந்தது: முடிவெடுக்கும் எல்லையைத் தெளிவாக வரையறுப்பது, கருவியும் பயிற்சியும் கொடுப்பது, பணியாளர் சுயமாக எடுக்கும் முடிவால் வரும் இடரையும் ஏற்பது. முதல் இரண்டையும் எப்படியோ செய்துவிடுகிறோம். மூன்றாவதில்தான் சறுக்குகிறோம். நினைத்தபோது பிடுங்கிக்கொள்ளும் அதிகாரம் வெறும் இரவல்தானே.

"நீயே பாத்துக்கோ" என்று மொட்டையாகச் சொல்வது அடுத்த தவறு. எல்லை தெரியாதவர் ஒன்று எல்லாவற்றுக்கும் போன் செய்வார், அல்லது எதையும் சொல்லமாட்டார். ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். உதாரணமாக, சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடை சூப்பர்வைசருக்கு: 200 வெள்ளி (டாலர்) வரை பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்க யாரையும் கேட்க வேண்டாம்; 200 முதல் 1,000 வரை முடிவை எடுத்துவிட்டு அன்று மாலைக்குள் தகவல் சொன்னால் போதும்; அதற்கு மேல் முன்கூட்டியே கேட்க வேண்டும். தொகை கடைக்குக் கடை மாறும். நடுவில் உள்ள வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் எப்படி யோசிக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். முதல் வரம்பை 20 வெள்ளி என்று வைத்தால் தாள் வீண், எல்லாப் போனும் உங்களுக்கே வரும்.

இனி, வாடிக்கையாளர் நேராக உங்களை அழைக்கும் நேரம். "அண்ணே, உங்க ஆளு பத்து பெர்சென்ட் தரமாட்டேங்கிறாரு." நீங்கள் போனிலேயே சரி என்றால், அந்த நிமிடத்திலிருந்து சூப்பர்வைசரிடம் யாரும் பேசமாட்டார்கள். "அவர்கிட்டயே பேசிக்குங்கண்ணே" என்பதுதான் சரி. அவர் முடிவு தவறென்று பட்டால் கடை மூடியபின் தனியாகச் சொல்லுங்கள். திருத்தம் அவர் வாயாலேயே வரட்டும்.

எல்லாருக்கும் ஒரே அளவு நம்பிக்கை வைப்பதும் பிசகு. பைபிளில் வரும் தாலந்து உவமையில், வேலைக்காரர்களுக்கு அவரவர் திறமைக்கேற்ப ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்து (அந்தக் காலத்துப் பெரும் பணத்தொகை) கொடுத்துவிட்டுத் தலைவர் வெளியூர் போகிறார். நெடுங்காலம் கழித்துத்தான் கணக்குக் கேட்கிறார். புதியவருக்கு முதல் இரண்டு வாரம் பக்கத்தில் நிற்கலாம், பிறகு தினம் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. நாளையும் நேரத்தையும் முன்பே குறித்துவிடுங்கள். குறித்த நாளில் கேட்டால் கணக்கு. நினைத்தபோதெல்லாம் கேட்டால் சந்தேகம்.

நம்பிக்கை என்ற பெயரில் கட்டுப்பாட்டைக் கைவிடவும் கூடாது. சரக்கை வாங்கி வைப்பவரே பில்லுக்கும் பணம் கொடுக்கக் கூடாது. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நேரம் போவது தெரியாமல் கிடக்கக் கூடாது. இவை யாருடைய விருப்பத்துக்கும் விட்டவை அல்ல.

அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒன்று. வீட்டிலிருந்து வேலை, நேரம் மாற்றி வேலை போன்ற நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. முறையான விண்ணப்பத்துக்கு இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். வேலையை ஒழுங்காகச் செய்பவரிடம் "கண் முன்னால இருந்தாத்தான் சரிப்படும்" என்று மறுப்பது நியாயமான காரணமாக எடுத்துக்கொள்ளப்படாது.

எல்லாம் செய்தும், வரம்புக்குள் ஒருநாள் 180 வெள்ளி நட்டம் வரும். அன்றே வரம்பைக் குறைத்தால் எழுதிய தாளுக்கு மதிப்பில்லை. "அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். விடுபட்ட தகவலோ பயிற்சியோ பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே இருக்கும். அதே தவறு மூன்றாம் முறையும் வந்தால் அந்த ஒரு வரியை மட்டும் சுருக்கி, காரணத்தையும், திரும்பப் பார்க்கும் தேதியையும் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.