வயலோர வீட்டுக்குள் பூச்சிமருந்து வரும் வழிகள்

பக்கத்து வயலில் மருந்து அடிக்கும்போது வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், வாடை போனதும் திறந்துவிடுவோம். அங்கேயே தவறு தொடங்குகிறது. வாடை அடங்கினால் மருந்தும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வயலில் விழுந்ததை வெயிலும் மழையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சிதைத்துவிடும். வீட்டுக்குள் இவை எதுவும் கிடையாது. அதனால் பாயிலும் தரைத்தூசியிலும் படிந்தது வெகுநாள் தங்கும். தவழும் குழந்தை அந்தத் தரையில் ஊன்றிய கையைத்தான் வாயில் வைக்கிறது. மருந்து அடிக்கப்போவது தெரிந்தால் ஜன்னலை முன்கூட்டியே சாத்துங்கள். கொடித்துணியை எடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். பிறகு வெறும் துடைப்பத்தால் பெருக்கினால் தூசிதான் பறக்கும், ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

'நாம் அடிக்கவில்லையே, நமக்கென்ன?' என்பவர்கள் கேரளத்தின் காசர்கோட்டை நினைத்துக்கொள்ளலாம். அங்கே முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். அவதிப்பட்டவர்களில் பலர் தெளித்தவர்கள் அல்ல, தோட்டத்தை ஒட்டிக் குடியிருந்தவர்கள். உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த மருந்துக்குத் தடை போட 2011 ஆனது.

அடித்துவிட்டு வந்த கையோடு பிள்ளையைத் தூக்குவது இன்னொரு தவறு. செருப்பு, லுங்கி, தலையில் கட்டிய துண்டு எல்லாவற்றிலும் மருந்து ஒட்டியிருக்கும். வெளியிலேயே துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு உள்ளே வரட்டும். அந்தத் துணியை மற்ற துணிகளோடு சேர்த்து ஊறப்போடக் கூடாது. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் அதை வெறுங்கையால் கசக்குகிறார்கள். ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுப்பது பெரிய செலவா என்ன?

காலி டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. அதில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ வைக்காதீர்கள். மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். மிச்ச மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது இதைவிட மோசம். குழந்தைக்கு அது குளிர்பானம்தான்.

அப்புறம், வயல் மருந்தைப் பேனுக்குத் தலையில் தேய்ப்பது, மூட்டைப்பூச்சிக்குக் கட்டிலில் அடிப்பது. இதில் விளக்கவே ஒன்றுமில்லை, செய்யாதீர்கள். டப்பாவில் பச்சை முக்கோணம் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை உடனடி நச்சின் அளவைத்தான் சொல்கிறது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதைப் பற்றி அது பேசுவதில்லை.

யாராவது மருந்தைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீரோ புளித்தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பல மருந்துகளில் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் இருக்கிறது. வாந்தி வரும்போது அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இரட்டிப்பாகும். மேலே கொட்டியிருந்தால் உடுப்பைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாயில் நீர் ஒழுகுவது, கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்குவது, வியர்த்துக் கொட்டுவது இவற்றைக் கண்டால் 108-ஐ அழைத்துவிட்டு, மருந்து டப்பாவையும் அதனுள்ளிருந்த தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முறிவு மருந்து உண்டென்றால் அதன் பெயர் அதில் இருக்கும்.