சிறுநீரில் புரதம்: சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய சோதனை

மொரிஷியஸில் நம் வீடுகளில் யாருக்காவது சர்க்கரை இருக்கும். விரலில் குத்தி அளவு பார்க்கப் பழகிவிட்டோம், சிறுநீரைத்தான் மறந்துவிடுகிறோம். சிறுநீரகம் கெடும்போது ஆரம்பத்தில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. அந்தக் கட்டத்திலேயே அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கிவிடும். அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சிறுநீரகத்தைக் காக்க நிறையச் செய்யலாம்.

படி 1: சரியான சோதனையைக் கேளுங்கள்.
சிறுநீரில் முக்கிப் பார்க்கும் சாதாரணப் பட்டையில் ஆரம்பக் கசிவு பெரும்பாலும் தெரியாது. 'பட்டையில் ஒன்றுமில்லை' என்றால் நிம்மதியாகிவிடாதீர்கள். 'அல்புமின் கிரியாட்டினின் விகிதம் பார்க்க வேண்டும்' என்று டாக்டரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள். இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், நோய் தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை இது தேவை. முதல் வகை என்றால் ஐந்தாண்டுக்குப் பிறகு தொடங்குவது வழக்கம்.

படி 2: நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.
காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, கடும் உடலுழைப்பு எல்லாம் அளவைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடந்த மறுநாளோ, கோர் தெ கார்த் மலைக்கோவில் படியேறி வந்த மறுநாளோ வேண்டாம். சில நாள் கழித்துக் கொடுங்கள்.

படி 3: காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரே நல்லது. ஆரம்பத்தில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான குப்பியில் பிடியுங்கள்.

படி 4: முடிவைப் படியுங்கள்.
ஒரு மில்லிமோல் கிரியாட்டினினுக்கு அல்புமின் 3 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சரி. 3 முதல் 30 வரை கசிவு இருக்கிறது. 30-க்கு மேல் அதிகம். ஆனால் ஒரே முடிவை வைத்துப் பயப்பட வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்த மூன்று சோதனைகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் பொதுவாக உறுதி செய்வார்கள். கூடவே ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும்.

படி 5: கசிவு உறுதியானால்?
கண்ணையும் இதயத்தையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். அங்கேயும் சிறு ரத்தக்குழாய்கள், பெரிய குழாய்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம். ரத்த அழுத்தத்தைப் பலருக்கு 130/80-க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். அவற்றில் சில கர்ப்பிணிகளுக்கு ஆகாது, குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கருவாடு, அச்சார் இரண்டிலும் உப்பு அதிகம், அளவைக் குறையுங்கள். அப்புறம், மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாகவே மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள். பலவீனமான சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும்.