எலி கத்தினால் ‘ஈ’: ஸ்பானிஷ் வாசிக்கக் குழந்தைக்கு வீட்டில் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மெக்சிகோவின் குவாதலஹாராவுக்குக் குடிவந்தபோது மகளுக்கு ஆறு வயது. பேச்சு ஸ்பானிஷ் தெருவில் விளையாடியே வந்துவிட்டது, வாசிப்புதான் வரவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி அவளை அருகில் உட்காரவைத்து “ஈஈஈ” என்று எலி மாதிரி கீச்சிட்டார். அப்புறம் ரயில் மாதிரி “ஊஊஊ”. ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். தான் வாசிக்கக் கற்றதே இப்படித்தான் என்றார் பாட்டி.

இந்த முறையை உருவாக்கியவர் கிரெகோரியோ தோர்ரெஸ் கின்தேரோ (1866–1934). மெக்சிகோவின் கொலீமாவில் பிறந்த பள்ளி ஆசிரியர். எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுக்காமல், உலகத்தில் கேட்கும் சத்தத்தோடு எழுத்தைக் கோத்துவிட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குட்டிக்கதை, கதைக்குள் ஒரு சத்தம். அவருடைய பாலபாடத்தை வைத்து அந்த நாட்டில் பல தலைமுறைகள் வாசிக்கக் கற்றன. அரசு இலவசப் பாடநூல் ஆணையம் வந்தது 1959-இல். இது அதற்கெல்லாம் முந்தைய சங்கதி.

தேவையானவை: பெரிய கட்டம் போட்ட நோட்டு, பென்சில், சின்ன ஒயிட்போர்டு. எழுத்துப் பாட்டு பாடும் மொபைல் ஆப் வேண்டவே வேண்டாம். காரணம் மூன்றாம் படியில்.

முதல் படி: காது. ஒரு வாரம் எழுத்தே காட்டாதீர்கள். ‘மே-ஸா’ (மேஜை) என்று கைதட்டிப் பிரிக்கட்டும். ‘ஸோல்’ (சூரியன்) எந்தச் சத்தத்தில் தொடங்குகிறது என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: உயிர் ஐந்து. நம் வரிசை இல்லை. ஈ (i), ஊ (u), ஓ (o), ஆ (a), ஏ (e). ஏன் இப்படி என்று எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. கூட்டெழுத்தில் முதலாவது ஒரே இழுப்பு, மேலே புள்ளி. அதையே புள்ளியில்லாமல் இரண்டு தரம் சேர்த்து எழுதினால் இரண்டாவது. எலி, ரயில், குதிரையை நிறுத்தும் வண்டிக்காரரின் “ஓஓஓ” எல்லாம் அப்படியே எடுபட்டன. ‘ஏ’ எழுத்துக்குக் காது கேளாதவர் “ஏ?” என்று கேட்பதாகக் கதை, அதை நான் மாற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் எல்லோரும் “ஏ?” என்றுதான் கேட்போம். அது போதும்.

மூன்றாம் படி: முதல் மெய். நான் மூன்று வாரம் சிக்கிய இடம் இது. ஐந்து உயிருக்கு அடுத்து வருவது ‘ஸ்’. வானத்தில் சீறிப் போகும் வாணத்தின் சத்தம். இங்கே கோயில் திருவிழாவுக்கெல்லாம் வாணம் விடுவதால் குழந்தைக்கு உடனே பிடிபட்டது. கெடுத்தது நான்தான். போர்டில் எழுதிவிட்டு, பழக்கதோஷத்தில் “எஸ்” என்றேன். அதன்பின் ‘ஓஸோ’ (கரடி) என்ற சொல்லை அவள் “ஓ-எஸ்-ஓ” என்றே வாசித்தாள். ஆப் செய்வதும் இதையேதான். அதில் “எஸ்ஸே” என்று வரும், அவ்வளவுதான் வித்தியாசம். புள்ளி வைத்த மெய்யெழுத்தோடு வளர்ந்தவன் நான். ‘ஸ்’ என்று தனியாகச் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் வந்ததோ இங்கிலீஷ் எழுத்தின் பெயர்!

அடுத்த தப்பு, இடைவெளி. “ஸ்”, நிறுத்தி, “ஆ” என்றால் குழந்தைக்கு இரண்டும் ஒட்டாது. தமிழில் ‘சா’ ஒரே கூட்டாக எழுத்திலேயே நிற்கிறது. இங்கே இரண்டு எழுத்து தனித்தனியாகப் பக்கத்தில் நிற்கிறது, ஒட்டவைக்க வேண்டியது வாய். அதனால் மெய்யை இழுங்கள்: “ஸ்ஸ்ஸ்ஆ”. மூச்சை நிறுத்தாமல் உயிருக்குள் வழுக்கிப் போகவேண்டும். போர்டில் முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக நகர்த்தினேன். விரல் அடுத்த எழுத்தைத் தொடும்வரை சத்தம் நிற்கக்கூடாது என்பது விதி. நாலாவது நாள் அவளே ‘எஸே ஓஸோ ஸே அஸேயா அஸீ’ என்று வாசித்தாள். ‘அந்தக் கரடி இப்படித்தான் சுத்தம் பண்ணிக்கொள்ளும்’ என்று அர்த்தம். நாலு உயிர், ஒரே மெய், முழு வாக்கியம்!

நான்காம் படி: மற்ற மெய்கள். மாடு கத்தும் ‘ம்’, பூனை சீறும் ‘ஃப்’ போன்றவற்றை இழுக்கலாம். ‘த்’ போன்றவற்றை இழுக்க முடியாது. நேராக ‘தா, தே’ என்று உயிரோடு சேர்த்தே சொல்லுங்கள். கவனம்: ஸ்பானிஷ் ‘தொமாத்தே’ (தக்காளி) நம் ‘த’தான், ‘ட’ இல்லை. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. நாக்கை உருட்டி ‘பெர்ரோ’ என்றால் நாய்.

ஐந்தாம் படி: ஏமாற்றும் எழுத்துகள். ‘காஸா’ (வீடு), ‘கேஸோ’ (சீஸ்) இரண்டின் தொடக்கத்திலும் ஒரே ‘க்’ சத்தம், எழுத்து வேறு. ‘ஓலா’ (வணக்கம்) சொல்லின் முதல் எழுத்துக்குச் சத்தமே கிடையாது. இதற்கெல்லாம் கதை கட்டாதீர்கள், சொல்லாகவே பழகட்டும்.

பின்சேர்க்கை: மாட்ரிட்டிலிருந்து ஒரு வாசகி, பள்ளியில் ‘ஸபாத்தோ’ (ஷூ) என்று வாசித்த மகனைத் திருத்துகிறார்களே என்று கேட்டிருந்தார். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு நாக்குநுனியைப் பல்லுக்கு நடுவே வைத்துக் காற்றை விடவேண்டும். லத்தீன் அமெரிக்காவில் அதுவும் வாணத்தின் ‘ஸ்’தான். ஸ்பெயினில் இருப்பவர்கள் அந்த எழுத்துக்கு வாணத்தை விட்டுவிட்டு, டயரில் காற்று இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.