நரம்பு சுருட்டுக்கு ஒப்பரேசன் செய்விக்கிற ஆக்கள் விடுற பிழையள்

வயல் வேலையில நாள் முழுக்க நிண்ட காலோட இருக்கிற எங்கட வன்னிச் சனத்துக்கு, கால்ல நரம்பு சுருண்டு நீலமாப் புடைச்சு நிக்கிறது புதினமில்லை, அதாலயே கனபேர் அதை வருத்தமா எடுக்கிறதே இல்லை. கணுக்காலுக்கு உள்பக்கம் தோல் கறுத்து, கடிச்சுச் சொறிஞ்சு புண்ணாகி, அந்தப் புண் மாசக்கணக்கா ஆறாமல் கிடக்கேக்கதான் கிளினிக்குக்கு வருவினம். தோல் கறுக்கத் தொடங்கேக்கயே காட்டுங்கோ. ஒப்பரேசனுக்குத் திகதி தந்தாப் பிறகு "அருவி வெட்டு முடியட்டும், சூடடிச்சிட்டுப் போவம்" எண்டு தள்ளிப் போடாதேங்கோ.

டொப்ளர் ஸ்கான், அதாவது ரத்தம் ஓடுறதைக் காட்டுற ஸ்கான், எடுக்காமல் ஒப்பரேசனுக்கு அவசரப்படுறதும் பிழை. நாங்கள் நரம்பு எண்டு சொன்னாலும் இது நாளம், ரத்தத்தை மேல ஏத்துற குழாய், அதுக்குள்ள இருக்கிற வால்வு பழுதானா ரத்தம் திரும்பக் கீழ இறங்கித் தேங்கும். எது பழுது, ஆழத்தில இருக்கிற நாளம் அடைச்சிருக்கோ எண்டதெல்லாம் ஸ்கான்லதான் வடிவாத் தெரியும். ஆழ நாளம் அடைச்ச காலில மேல் நாளத்தையும் எடுத்தா வீக்கம் கூடலாம். ஆழ நாளம் நல்லா இருந்தா மேல் நாளத்தை எடுக்கப் பயப்படாதேங்கோ, கால் ரத்தத்தில பெரும்பங்கை அதுதான் கொண்டு போகுது.

எங்கட மாமிக்குத் தொடைமடிப்பில வெட்டி நாளத்தை உருவி எடுத்தவை. நடக்கச் சொல்லித்தான் வீட்ட விட்டவை. ஆனா பாக்க வந்த எல்லாரும் "ஐயோ, காலை நிலத்தில வையாதேங்கோ" எண்டு சொல்ல, மனுசி பத்து நாள் கட்டிலை விட்டு இறங்கேல்லை, பத்தியம் எண்டு தண்ணியும் குறைச்சுத்தான் குடிச்சவ. ஒருநாள் விடியப் பாத்தா கெண்டைக்கால் கல்லு மாதிரி, மற்றக் காலை விடச் சுடுது, தொடவும் விடுறா இல்லை. ஆழ நாளத்தில ரத்தம் உறைஞ்சு கட்டியாப் போச்சு, பிறகு மாசக்கணக்கா குளிசை. கெண்டைத் தசை சுருங்கி விரிஞ்சாத்தான் ரத்தம் மேல ஏறும், அதால டொக்டர் மறிக்காட்டி ஒப்பரேசன் செய்த அண்டைக்கே எழும்பி படலை வரைக்கும் போய் வாங்கோ, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா திரும்பவும் நடவுங்கோ. இருக்கேக்க காலைத் தொங்கவிடாமல் தலையணியில தூக்கி வையுங்கோ. கொழும்புக்கு பஸ்ஸில மணிக்கணக்கா குந்தியிருக்கிற பயணத்தைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கோ. நெஞ்சு நோ, மூச்சு முட்டு வந்தா விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்காமல் உடன 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.

எங்கட வெக்கைக்கு, ஒப்பரேசனுக்குப் பிறகு காலுக்குப் போடச் சொல்லுற இறுக்கமான சொக்ஸ் பெரிய கரைச்சல்தான், விளங்குது. ஆனா பாதியில சுருட்டி விட்டா அது முழங்காலுக்குக் கீழ கயிறு கட்டின மாதிரி ஒரு வளையமா இறுக்கி ரத்தத்தை மறிக்கும், போடாததை விட அது மோசம். மற்ற ஆக்களின்ரையை வாங்கிப் போடாதேங்கோ, முக்கியமா சீனி வருத்தக்காரர், பாதத்தில நாடி அடிக்குதோ எண்டு டொக்டர் பாத்தாப் பிறகுதான் போடவேணும். அஸ்பிரினோ கர்ப்பத்தடைக் குளிசையோ எடுக்கிறவை அதை ஒப்பரேசனுக்கு முதலே டொக்டரிட்டச் சொல்லுங்கோ, நீங்களா நிப்பாட்டாதேங்கோ.

ஒப்பரேசனுக்குக் காத்திருக்கேக்க புடைச்ச நாளம் வெடிச்சு ரத்தம் பீச்சினா கோப்பித்தூள் அப்பாதேங்கோ, வெடிச்ச இடத்துக்கு மேல்பக்கமாத் துணியால இறுக்கிக் கட்டவும் கூடாது, கட்டினா இன்னும் கூடப் பாயும். ஆளை நிலத்தில படுக்க வைச்சு, காலை நெஞ்சை விட உயரத் தூக்கி, சுத்தமான துணியால அந்த இடத்தைப் பத்து நிமிசம் விடாமல் அமத்துங்கோ, இடையில எடுத்துப் பாக்காமல்.