நடக்கச் சிரமப்படும் அப்பாயியை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போவது எப்படி?

மூன்று வருடங்களுக்கு முன் குடும்பமாக நுவரெலியா போனோம். கிரகறி வாவியில் பிள்ளைகள் படகு ஏறினார்கள், நாங்கள் சோளம் வாங்கித் தின்றோம். முழங்கால் வலியால் நடக்க முடியாத அப்பாயி, எங்கள் பைகளுக்குக் காவலாக வேனுக்குள்ளேயே இருந்தார். திரும்பி வந்தபோது, பனி படிந்த வேன் கண்ணாடியில் விரலால் துடைத்த சின்ன வட்டம் ஒன்றைப் பார்த்தேன். அது வழியாகத்தான் அவர் வாவியைப் பார்த்திருக்கிறார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

போன வருடம் மறுபடி போனோம். இந்த முறை அப்பாயியை வைத்துத்தான் திட்டமே போட்டோம். நாங்கள் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: வாயால் கேட்காதீர்கள், கண்ணால் பாருங்கள்

"எவ்வளவு தூரம் நடப்பீங்க அப்பாயி?" என்று கேட்டால், "அதெல்லாம் நடப்பேன், நீ போ" என்றுதான் பதில் வரும். நமக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற நினைப்பு அது. அதனால் இரண்டு நாள் கூடவே இருந்து கவனித்தேன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலிருந்து (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) கோயிலுக்குப் போவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தார். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருக்கும், எட்டரை மணிக்குப் பிறகுதான் காலை மடக்கவே முடியும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை டாய்லெட் போவார். இந்த மூன்றையும் குறித்துக்கொண்டால் பயணத்தில் பாதி முடிவாகிவிடும்.

அப்புறம் ஒன்றை மட்டும் வாயால் கேளுங்கள்: "என்ன பார்க்கணும்?" அப்பாயி யோசிக்கவே இல்லை. "குதிரை" என்றார்.

படி 2: லயத்திலிருந்து ரோட்டுக்கு

எங்கள் லயத்திலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, ரோட்டுக்கு இறங்கக் கருங்கல் படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். மழை பெய்தால் பாசி வழுக்கும். தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பயணத்திலேயே கஷ்டமான இடம் நம் வாசல்தான். அதனால் முதல் நாளே வெறும் வீல்சேரை இறக்கிப் பழகிப் பாருங்கள்.

ஆளை வைத்து இறக்கும்போது அவர் முகம் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பலசாலி ஒருவர் மேலே நின்று பின்கைப்பிடியைப் பிடித்து, நாற்காலியைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்ளட்டும். இன்னொருவர் கீழே நின்று முன்பக்கச் சட்டத்தைப் பிடிக்கட்டும். கால் தட்டையோ கைதாங்கியையோ பிடித்துத் தூக்கவே கூடாது, அவை கழன்று கையோடு வந்துவிடும். ஒரு படி, ஒரு மூச்சு, பிறகு அடுத்த படி. பக்கத்து வீட்டுத் தம்பிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் மறுக்காமல் வருவார்கள்.

படி 3: வேனில் ஏற்றுவது

வேன் படி உயரமாக இருக்கும், ஆடாத பலகை முக்காலி ஒன்று கொண்டுபோங்கள். முதலில் சீட்டில் பக்கவாட்டாக உட்கார வைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். சீட்டில் வழுவழுப்பான பொலித்தீன் பை ஒன்று விரித்தால் சுலபமாகத் திரும்பலாம். வண்டி கிளம்புமுன் அதை எடுத்துவிடுங்கள்.

படி 4: இடங்களைத் தேர்வு செய்வது

ஹற்றனிலிருந்து தலவாக்கலை வழியாகப் போனால் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. 97 மீற்றர் டெவோன் நீர்வீழ்ச்சியையும் 80 மீற்றர் சென்கிளயாரையும் ரோட்டோரத்தில் நின்றே பார்க்கலாம். அப்பாயி இருக்கும் பக்கம் அருவி தெரிகிற மாதிரி வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

நகரத்துக்குள் விக்டோரியா பூங்கா பெரும்பாலும் சமதரை, நான் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். விக்டோரியா மகாராணியின் வைர விழா ஆண்டான 1897இல் அந்தப் பெயர் வைத்தார்கள். மழை பெய்த மறுநாள் புல்லில் சக்கரம் புதையும், அதனால் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஹக்கல பூங்கா மலைச்சரிவில் இருக்கிறது, தள்ளுகிறவர் களைத்துவிடுவார். சீதாஎலிய கோயிலுக்கு ரோட்டிலிருந்து படி இறங்க வேண்டும். ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துத் திரும்பும் சுற்று ஏறக்குறைய 9 கிலோமீற்றர் நடை, அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் சீசனில் போகாதீர்கள், அந்த நெரிசலில் வீல்சேரைத் திருப்பவே இடம் இருக்காது. வாரநாளில், முற்பகலில் போங்கள். பிற்பகலில் பனியும் தூறலும் வந்துவிடும்.

படி 5: டாய்லெட்டை விசாரிப்பது

சாப்பாட்டுக் கடைக்கு போன் பண்ணி "வசதி இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்பார்கள். அப்படி நம்பிப் போய், ஓர் இடத்தில் ஆறு படிக்குக் கீழே டாய்லெட் இருந்ததைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறோம். இப்படிக் கேளுங்கள்: வாசலில் எத்தனை படி? கொமட்டா, குந்துவதா? கதவு எத்தனை அங்குலம்? உங்கள் வீல்சேரின் அகலத்தை முதலிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டாய்லெட் பயத்தில் வயதானவர்கள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், பிரஷர் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். இரண்டையும் விடவிடாதீர்கள். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டொக்டரிடம்தான் கேட்க வேண்டும். கிளினிக் கொப்பி கைப்பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 1990 என்ற எண்ணுக்கு போன் பண்ணினால் இலவச அம்புலன்ஸ் வரும்.

படி 6: வாவிக்கரையில்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். உட்கார்ந்தே இருப்பவருக்குக் குளிர் சீக்கிரம் ஏறும், முழங்காலுக்குத் தனியாக ஒரு கம்பளி வையுங்கள். நிறுத்தும்போதெல்லாம் இரண்டு பிரேக்கும் போடுங்கள். இறக்கத்தில் நீங்கள் பின்பக்கமாக நடந்து, நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்தபடி இறங்குங்கள்.

படகில் ஏற்ற நாங்கள் முயலவில்லை, ஆடுகிற படகில் கால் வைப்பது அவருக்குப் பயம். கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போனோம். குதிரைக்காரத் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னதும் கடிவாளத்தைப் பிடித்து, குதிரையை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய அந்த விரல்கள் குதிரையின் நெற்றியில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. "சூடா இருக்குடா" என்றார்.

படி 7: திரும்புவது

மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். லயத்துப் படியை இருட்டில் ஏற முடியாது. ஏற்றும்போது அவர் முதுகு மேல்பக்கம் இருக்க வேண்டும், இறக்கியதைவிட இன்னும் இரண்டு பேர் தேவை. மறுநாள் கால் வீங்கியிருக்கலாம், தலையணை வைத்துத் தூக்கி வையுங்கள். அன்றைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அக்கம்பக்கத்தார் வந்து குதிரைக் கதை கேட்பார்கள்.